விடாத அரிப்பா? கடை முழுவதும் கவனியுங்கள்!

வணிகப் பெருமக்களே! கடையில் ஒன்றாகத் தங்கும் ஊழியர்களுக்கு இரவில் அரிப்பு கூடுகிறதா? விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பில் சிறு பொரிகளும் இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். தோலுக்குள் முட்டையிடும் நுண்ணிய பூச்சியே காரணம். ரத்தக் கெடுதல் அல்ல.

முதன்முறை தொற்றியவருக்கு அரிப்பு தெரியவே 2 முதல் 6 வாரம் ஆகும். ஆகவே அரிப்பு இல்லாதவர் உட்பட உடனிருப்போர் அனைவரும் ஒரே நாளில் மருந்து போடவேண்டும். ஒருவர் விடுபட்டாலும் மீண்டும் பரவும்.

டாக்டர் எழுதித் தரும் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பை இரவில் கழுத்திலிருந்து பாதம்வரை பூசி, காலையில் குளிக்கவேண்டும். ஒரு வாரம் கழித்து மறுமுறை. துணி, விரிப்புகளை வெந்நீரில் துவையுங்கள். பூச்சி செத்தபின்னும் சில வாரம் அரிக்கலாம்; அஞ்சவேண்டாம்.

ஊழியரை அப்படியே ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள். அவர் வீட்டாருக்கும் தொற்றும். வைத்தியம் செய்து வைப்பதே முதலாளிக்கு அழகு.