உறுமலுக்கு ஒரு சுவிட்ச்: எப்படி?

ஒரே கார் குடியிருப்புப் பகுதியில் அடக்கமாகவும் நெடுஞ்சாலையில் உறுமலாகவும் ஒலிப்பது எப்படி? புகைக்குழாயில் உள்ள ஒரு வால்வுதான் காரணம்.

சிலிண்டரில் எரிந்த புகை அழுத்த அலைகளாக வெளியேறுகிறது, அதுதான் சத்தம். சைலன்சர் அந்த அலைகளை அடக்கும்போது புகையின் ஓட்டத்தையும் சற்றுத் தடுக்கிறது. மெதுவாகப் போகையில் பாதகமில்லை. எஞ்சின் வேகம் கூடி, புகை பெருகினால் எதிரழுத்தம் ஏறித் திறன் குறையும். அப்போது வால்வு திறந்து கூடுதல் வழிவிடும்; சத்தமும் கூடும்.

2008 செவ்ரோலே கார்வெட்டில் கிடைத்த இருநிலைப் புகைக்குழாயில், வால்வை இழுத்து மூடுவது எஞ்சினின் வெற்றிட உறிஞ்சல். அந்த உறிஞ்சலுக்கு வழி திறந்துவிடும் சாலினாய்டு என்ற மின்காந்தக் கருவிக்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் உறிஞ்சலும் நிற்கும். ஸ்பிரிங் வால்வைத் திறந்துவிடும். அதனால்தான் வால்வு எப்போதும் திறந்திருக்க விரும்பும் சிலர் சாலினாய்டின் ஃபியூஸையே பிடுங்கிவிடுகிறார்கள்.

சுவிட்ச் அதையே நாகரிகமாகச் செய்கிறது. சாலினாய்டுக்குப் போகும் ஒயரில் தொடராக அதை இணைக்க வேண்டும். ஆஃப் செய்தால் வால்வு எப்போதும் திறந்திருக்கும். ஆன் செய்தால் கட்டுப்பாடு மீண்டும் காரின் கணினிக்கே போகும். ஃபியூஸ் வழக்கம்போல் காவல் இருக்கும்.

மோட்டார் சுழற்றும் வால்வுகளில் இந்த உத்தி பலிக்காது. மின்சாரத்தைத் துண்டித்தால் மோட்டார் நின்ற இடத்திலேயே நின்றுவிடலாம். கணினியும் பழுது என்று எச்சரிக்கும். அவற்றுக்குத் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி தேவை. எந்த வகையானாலும், உள்ளூர் ஒலி வரம்பைப் பார்த்த பிறகே ஒயரில் கைவைக்க வேண்டும்.