உள்ளங்கையில் ஒரு டேங்கர் வேகன்

நீண்ட சிகிச்சையில் இருப்பவரின் ஒரு நாளை எண்ணிப் பார்த்தால், அதில் அவர் தாமே எடுக்கும் முடிவுகள் மிகச் சிலவே என்பது விளங்கும். எப்போது ஊசி, என்ன உணவு, எத்தனை மணிக்கு உறக்கம் என்பவற்றையெல்லாம் பிறரே முடிவு செய்கின்றனர். அவை அவருடைய நன்மைக்காகவே என்பதில் ஐயமில்லை. ஆயினும், நாளில் அரைமணி நேரமேனும் தம் கையால், தம் விருப்பப்படி செய்யும் ஒரு வேலை இருப்பது மனத்திற்கு ஊன்றுகோலாகும். அத்தகைய வேலை ஒன்றை இவ்விதழில் அறிமுகம் செய்கிறோம்: எண்ணெய் ஏற்றிச் செல்லும் இரயில் டேங்கர் வேகனின் சிறிய பிளாஸ்டிக் மாதிரியைப் பூட்டி, அதை மெருகேற்றுதல்.

பிரிட்டனில் வேரூன்றிய கைவேலை

இக்கைவேலை பிரிட்டனில் பரவலாக வளர்ந்தது. 1939இல் தொடங்கப்பட்ட ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், 1960களில் இரயில் வண்டிகளின் பிளாஸ்டிக் பாகத்தொகுப்புகளைக் குறைந்த விலையில் விற்றது. அவற்றுள் ஒன்று நான்கு சக்கர டேங்கர் வேகன். 1980களில் அவ்வார்ப்பு அச்சுகள் டேப்போல் நிறுவனத்தின் கைக்கு மாறின.

கைவேலை மருத்துவத்தோடு இணைந்த வரலாறும் அந்நாட்டிற்கு உண்டு. பிரிட்டனின் முதல் தொழில்வழிச் சிகிச்சைப் பள்ளியை 1930இல் பிரிஸ்டல் நகரில் நிறுவியவர் டாக்டர் எலிசபெத் காசன். பயனுள்ள ஒரு வேலையில் ஈடுபடுவதே நோயாளியின் மீட்சிக்குத் துணைபுரியும் என்பது அச்சிகிச்சையின் அடிப்படை.

மாதிரியின் அளவு எளிய கணக்கில் அமைந்தது. உண்மை வண்டியின் ஓர் அடி, மாதிரியில் 4 மில்லிமீட்டர். ஆகவே முழு வேகனும் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

முதல் நாட்கள்: கழுவுதலும் பொருத்திப் பார்த்தலும்

பாகங்கள் யாவும் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டியபடியே வரும். அச்சிலிருந்து எடுக்கும்போது படிந்த எண்ணெய்ப் பசை நீங்க, அவற்றை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி உலர்த்துக. பின்னர், அன்றன்று வேண்டிய பாகங்களை மட்டும் சிறு கட்டரால் வெட்டியெடுத்து, வெட்டிய இடத்தை அரத்தால் சீர்செய்க. பசையிடுமுன் ஒருமுறை பொருத்திப் பார்ப்பது நல்லது. களைப்பு மிகுந்த நாளில் இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம், பாகங்கள் காத்திருக்கும்.

அடிச்சட்டமும் சக்கரங்களும்

வேகன் நன்றாக ஓடுவதும் தடம் புரள்வதும் இக்கட்டத்தில்தான் முடிவாகின்றன. அடிச்சட்டத்தை ஒட்டியதும், பசை இறுகுமுன் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்துப் பாருங்கள். நான்கு சக்கரங்களும் கண்ணாடியைத் தொட வேண்டும். ஒரு சக்கரம் தூக்கி நின்றால், மெல்லத் திருகிச் சமன்செய்து, அப்படியே உலரவிடுக.

தொகுப்போடு வரும் பிளாஸ்டிக் சக்கரங்களுக்கு மாற்றாக உலோகச் சக்கரங்களைப் பூட்டுவது, மெருகேற்றலில் முதற்படி. அச்சின் இருமுனைகளும் ஊசிபோல் கூர்மையாக இருக்கும். அவை சுழல்வதற்கு 2 மில்லிமீட்டர் துளையிட்டு, கிண்ணம் போன்ற சிறு பித்தளை பேரிங்குகளைப் பதிக்கின்றனர். இதன்பின் விரலால் தொட்டாலே சக்கரம் நெடுநேரம் சுழலும்.

கூர்ந்து நோக்குவோர் இங்கே ஒரு குறையைக் காண்பர். பிரிட்டனின் தண்டவாள அகலம் இவ்வளவில் 18.83 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். ஆனால் பெருவழக்கில் உள்ள மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டரே. எனவே சக்கரம் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக உள்ளே தள்ளி நிற்கும். பிரேக் கட்டைகளோ பல தொகுப்புகளில் வெளியே விலகித் தெரியும். அவற்றை வெட்டியெடுத்து, சக்கரத்திற்கு நேராக உள்நகர்த்தி ஒட்டுவோரும் உளர். அப்படியே விட்டுவிடுவோரும் உளர். இரண்டுமே சரி. முடிவு உங்களுடையது.

உருளையை மூடுமுன்

எண்ணெய் உருளை இரு பாதிகளாக வரும். ஒட்டியபின் திறக்க இயலாது; ஆதலால் எடையை முதலிலேயே வைத்துவிட வேண்டும். ஓர் அச்சுக்கு 25 கிராம் என்பது பலர் பின்பற்றும் கணக்கு. இரண்டு அச்சுகள் உள்ள இவ்வண்டி மொத்தம் 50 கிராம் அளவில் இருந்தால் தடம் புரளாமல் ஓடும். இதற்கு இரும்பு நட்டுகள் போதும். ஈயம் வேண்டாம்; அது உடலுக்குத் தீங்கானது. மேலும், ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையோடு சேர்த்து அடைத்தால், நாளடைவில் ஈயம் அரித்து, பருத்து, உருளையையே பிளந்துவிடும். நட்டுகள் உள்ளே உருண்டு ஒலிக்காதவாறு அவற்றை உறுதியாகப் பதித்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் பசை உண்மையில் ஒரு கரைப்பான். அது இரு விளிம்புகளையும் இளக்கி ஒன்றாக்குகிறது. அதன் ஆவி உள்ளே தங்கினால் உருளை நெளியக்கூடும். ஆகவே அடிப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாதவாறு ஒரு சிறு துளையிடுக. ஒட்டிய கோடு ஓரிரு நாளில் நன்கு இறுகியபின், நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் அக்கோடு மறையும்வரை தேய்க்கலாம். பொறுமை தேவைப்படும் வேலை இது. ஆனால் விரல்களுக்கு நல்ல பயிற்சி.

ஏணி, கைப்பிடி, வண்ணம்

வார்ப்பில் வரும் ஏணி சற்றுத் தடித்திருக்கும். அதற்கு மாற்றாக மெல்லிய பித்தளைத் தகட்டு ஏணியையும், அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த கம்பியால் கைப்பிடிகளையும் அமைத்தால் வேகனின் தோற்றமே மாறிவிடும். கை நடுக்கம் உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம். அடர்ந்த வண்ணம் பூசாமல் இருந்தாலே ஏணி மெலிந்து தோன்றும்.

வண்ணத்திற்கும் பொருள் உண்டு. பெட்ரோல் போன்று எளிதில் தீப்பற்றும் எண்ணெய் ஏற்றிய வேகன்கள் பிரிட்டனில் நெடுங்காலம் வெள்ளி நிறத்தில், சிவப்பு அடிச்சட்டத்தோடு ஓடின. கன எண்ணெய் ஏற்றியவை கறுப்பாக இருந்தன. இரண்டில் எது என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். கன எண்ணெய் வண்டியெனில், மேல்மூடியிலிருந்து பக்கவாட்டில் வழிந்த கறையை மெல்லிய தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்து, பளபளக்கும் வார்னிஷ் சிறிது தொட்டால், எண்ணெய் இப்போதுதான் சிந்தியதுபோல் தோன்றும். கை சற்று நடுங்கினால் அக்கறை இன்னும் இயல்பாகவே அமையும்.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

• உங்கள் மருத்துவரையோ தொழில்வழிச் சிகிச்சையாளரையோ கேட்டபின் தொடங்குங்கள்.

• பிளாஸ்டிக் பசை எளிதில் தீப்பற்றும். அதன் ஆவி நெடி மிக்கது. மருத்துவமனை அறையிலும், ஆக்சிஜன் பயன்படுத்துபவரின் அருகிலும் அதைத் திறக்கவே கூடாது. வீட்டில், சன்னல் திறந்த இடத்தில் மட்டுமே பயன்படுத்துக.

• மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் பசையிடும் வேலையைப் பிறரிடம் விடுங்கள். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்களின் நெடி குறைவு.

• இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்பவர்கள், இரத்தத் தட்டுக்கள் குறைந்தவர்கள், விரல் மரத்துப்போனவர்கள் கத்தியைத் தொட வேண்டாம்.

• கருவிகளின் பிடியில் பஞ்சுத் துணியைச் சுற்றினால் தளர்ந்த கைக்கும் பிடிபடும். சிறு பாகங்களைத் துணிக் கிளிப்பால் பற்றுக. விளிம்புள்ள தட்டில் வேலை செய்தால் பாகம் உருண்டு விழாது.

• இருபது நிமிடம் வேலை, பின் ஓய்வு.

உடனிருந்து பேணுவோருக்கு

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பேணும் அன்பே பல நேரங்களில், நோயுற்றவரின் கையிலிருந்து வேலையைப் பறித்துவிடுகிறது. சக்கரம் பூட்ட அவர் பத்து நிமிடம் திணறும்போது, ஒரு நொடியில் செய்துவிட நம் கை துறுதுறுக்கும். அவர் கேட்கும்வரை பொறுத்திருங்கள். கத்தியால் வெட்டுவது, பசையிடுவது, கீழே விழுந்ததைத் தேடித் தருவது ஆகியவை உங்கள் பங்கு. எந்தப் பாகம் அடுத்தது, எந்த நிறம், இன்று போதுமா என்பவை அவருடைய பங்கு. கோணலாக ஒட்டப்பட்ட ஏணியை, அவர் உறங்கும்போது எடுத்துத் திருத்திவிடாதீர்கள்.

பணி முடிந்ததும் வேகனைக் கவிழ்த்து, அடிச்சட்டத்தின் உட்புறத்தில் செய்தவர் பெயரையும் முடித்த நாளையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அதைத் தம் கையாலேயே அவர் எழுதட்டும்.