மும்பையில் ஜாகை தேடுவோருக்கு

மார்ச் மாதம் பிறந்துவிட்டால், மும்பையில் வெகுநாளாகக் குடியிருக்கும் தமிழர் வீடுகளுக்கு ஊரிலிருந்து ஒரு விசாரணை தவறாமல் வந்துவிடும். "மாப்பிள்ளைக்கு மும்பைக்கு மாற்றலாகியிருக்கிறது. நம்மவர்கள் இருக்கிற இடமாக, வாடகையும் சகாயமாக ஒரு வீடு பார்த்துச் சொல்ல முடியுமா?" கேட்பவர் ஒரே மூச்சில் இரண்டு வரம் கேட்கிறார். இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்த காலம் மலையேறிவிட்டது.

மாதுங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1920களிலும் 30களிலும் தென்னிந்தியர்கள் வந்து குடியேறிய பேட்டை. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தொடங்கப்பட்டது. கோயில், பூக்கடை, வாழையிலை, காப்பிப் பொடி எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளே வாடகை கட்டுப்படியாகாமல் செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி, வாஷி என்று கிளம்பிப் பல காலம் ஆகிறது. புதிதாக வருகிற நடுத்தரச் சம்பளக்காரர் அங்கே வீடு தேடி அலைவது வீண். மாதுங்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சாமான் வாங்கிவந்தால் போதும். குடியிருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அங்குள்ள பழைய கட்டடங்கள் சிலவற்றில் 'பகடி' முறையில் மலிவாக வருகிறது என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அது வாடகைக் குடித்தனம் அல்ல. பெருந்தொகை கொடுத்துக் குடியிருப்பு உரிமை வாங்குவது. பிறகு கைமாற்ற வேண்டுமானால் கட்டடச் சொந்தக்காரரின் சம்மதமும் வேண்டும், அவருக்குப் பங்கும் தர வேண்டும். ஊருக்குப் புதியவர் அதில் கால் வைக்காமல் இருப்பது நல்லது.

இந்த நகரத்தில் வீடு தேடுவது பேட்டையில் ஆரம்பிப்பதில்லை. ரயில் பாதையில் ஆரம்பிக்கிறது. அலுவலகம் எந்த ஸ்டேஷனுக்குப் பக்கம் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு அந்த ஸ்டேஷன் வெஸ்டர்ன், சென்ட்ரல், ஹார்பர் பாதைகளில் எதில் இருக்கிறது என்று பார்த்து, அதே பாதையில் வாடகை உங்கள் சக்திக்கு இறங்கி வரும்வரை வெளியே போக வேண்டும். பாதை மாறினால் வம்புதான். அந்தேரியில் வேலை என்றால் போரிவிலி, மீரா ரோடு, வசாய் என்று பார்க்கலாம். கோட்டைப் பகுதியிலோ தாதரிலோ வேலை என்றால் முலுண்ட், தாணே, டோம்பிவிலி. சித்தப்பா டோம்பிவிலியில் இருக்கிறார் என்பதற்காக அந்தேரிக்காரர் அங்கே குடிபோனால், தினமும் தாதர் பாலத்தில் ஏறி இறங்கியே ஆயுசு தேய்ந்துவிடும்.

சி.எஸ்.எம்.டி.யிலிருந்து தாணே 34 கிலோமீட்டர், டோம்பிவிலி 48, கல்யாண் 54, பத்லாப்பூர் 68. கிலோமீட்டர் ஏற ஏற வாடகை இறங்கும். கல்யாணில் பாதை இரண்டாகப் பிரிவதால் அதற்கப்பால் வண்டிகளின் எண்ணிக்கை குறைந்துவிடும். இதைத் தரகர் சொல்ல மாட்டார். டோம்பிவிலியிலிருந்து விரைவு வண்டியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். ஆனால் காலை எட்டு மணிக்கு அந்த வண்டியில் ஏறுவது ஒரு தனி வித்தை. டோம்பிவிலியிலேயே புறப்படும் வண்டிகளும் உண்டு, அவற்றின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வீடு பிடித்துவிட்டது என்றதும் பணத்தை நீட்டாமல், ஒரு வேலை நாளில் அங்கிருந்து காலை எட்டு மணிக்குக் கிளம்பி அலுவலகம் வரை போய், மாலை ஏழு மணிக்குத் திரும்பிப் பாருங்கள். மனைவியும் வேலைக்குப் போகிறவரானால் அவரும் பெண்கள் பெட்டியில் ஒரு நாள் போய்வரட்டும். அவர் 'முடியாது' என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பக்கத்து ஸ்டேஷனில் வாடகை 25,000 ரூபாய், தொலைவில் 17,000 என்று வையுங்கள். மாதம் 8,000 மிச்சம். ரயில் பாஸ் பெரிய செலவில்லை. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோ அதைவிடக் கூடுதலாகப் பிடிக்கும். போகவர நாளுக்கு இரண்டு மணி நேரம் அதிகமானால் மாதம் 25 நாளுக்கு 50 மணி நேரம். இந்த 8,000 ரூபாய் உண்மையிலேயே தேவைப்படுகிற குடும்பங்கள் நிறைய. அவர்கள் தாராளமாகத் தொலைவுக்குப் போகட்டும். ஆனால் அந்த 50 மணி நேரம் யாருடையது என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகட்டும். பிள்ளைகள் எழுமுன் கிளம்பி அவர்கள் தூங்கியபின் திரும்பும் அப்பாக்கள் இங்கே எத்தனையோ பேர். காலையில் தண்ணீர் பிடித்து, பள்ளிக்கு அனுப்பி, பாஷை தெரியாத கட்டடத்தில் நாள் முழுவதும் தனியாக இருப்பவள் அம்மா.

'நம்மவர்கள் இருக்கிற இடம்' என்ற ஆசையை நான் கேலி செய்யவில்லை. முதல் வருஷத்தில் அவசரத்துக்குக் குழந்தையை விட்டுப் போக ஒரு வீடு பக்கத்தில் இருப்பது பெரிய சொத்து. ஆனால் அதைப் பாதையைத் தீர்மானித்த பிறகு பாருங்கள்.

இனிப் பணத்துக்கு வருவோம். மாத வாடகைக்கு மேல் டெபாசிட், தரகருக்குப் பெரும்பாலும் ஒரு மாத வாடகை, சாமான் ஏற்றுக் கூலி எல்லாம் முதல் வாரத்திலேயே கையை விட்டுப் போகும். 'ஹெவி டெபாசிட்' என்று இன்னொரு வழி இங்கே உண்டு. பல லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமலோ சொற்ப வாடகையிலோ இருப்பது. நம் ஊர் ஒத்தி, போக்கியம் மாதிரிதான். ஊரில் நிலம் விற்ற பணம் கையிலிருப்பவர்களுக்கு இது இனிக்கும். வீட்டுக்காரர் அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டு, அடுத்த குடித்தனக்காரர் வந்து கொடுத்தால்தான் திருப்பித் தருவேன் என்று உட்கார்ந்தால், ஆயுள் சேமிப்பு அவர் கையில். வீட்டின் மேல் வங்கிக் கடன் பாக்கி இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். முழுத் தொகையும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

அந்த ஒப்பந்தத்தில்தான் நம்மவர்கள் அசட்டையாக இருக்கிறார்கள். இங்கே குடித்தனம் பெரும்பாலும் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' முறையில், வழக்கமாக 11 மாதம். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்குக் குறைந்த குத்தகைக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதால் வந்த பழக்கம் இந்த 11. ஆனால் 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 55ஆவது பிரிவில், 11 மாதமானாலும் எழுதிப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவறினால் அவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். பதிவில்லாத நிலையில் தகராறு வந்தால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை, குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனைகளே செல்லும். மறுபக்கமும் உண்டு: காலம் முடிந்தும் காலி செய்யாவிட்டால் இரட்டிப்புத் தொகை கட்ட நேரிடும்.

செலவும் அதிகமில்லை. மொத்த வாடகையையும் டெபாசிட்டுக்கு ஆண்டுக்குப் பத்து சதவீத வட்டியையும் கூட்டி, அதில் கால் சதவீதம் முத்திரைத் தீர்வை. 20,000 ரூபாய் வாடகை, 60,000 டெபாசிட், 11 மாதம் என்றால் சுமார் 600 ரூபாய். மாநகராட்சிப் பகுதியில் பதிவுக் கட்டணம் 1,000. பதிவு வேண்டாம், வெறும் முத்திரைத்தாளே போதும் என்று தரகர் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

சொசைட்டி என்கிற கூட்டுறவுச் சங்கம் 'குடியிருக்காததற்கான கட்டணம்' ஒன்று வசூலிக்கும். 2001ஆம் ஆண்டு அரசு உத்தரவுப்படி அது சேவைக் கட்டணத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கட்ட வேண்டியவரும் வீட்டுக்காரரே. உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், முன்கூட்டியே பேசிவிடுங்கள். சைவமா, அசைவமா என்ற கேள்வியும் வரும். மீன் வாடை வந்தால் காலி செய்யச் சொல்லும் கட்டடங்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் பொய் சொல்லிக் குடிபோய் ஒளிந்து சமைப்பதைவிட வேறு வீடு பார்ப்பதே நிம்மதி. வடக்கத்தியார் இப்படிக் கேட்பதாகக் குறைப்பட்டுக்கொள்ளும் நம்மவர்களில் சிலர், தம் வீட்டை வாடகைக்கு விடும்போது சுற்றி வளைத்து ஜாதி விசாரிக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தாராவியில் உறவினர் இருப்பதால் அங்கேயே அறை பார்க்கிற குடும்பங்களும் உண்டு. வேலைக்கும் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கும் பக்கம், சகாயமும்கூட. ஆனால் மறுசீரமைப்பு வேலை நடந்துவரும் இடம். 2000 ஜனவரி 1ஆம் தேதிக் கணக்குப் பார்த்துத்தான் இலவச வீட்டு உரிமை பேசப்படுகிறது. புதிதாக வாடகைக்கு வருகிறவர் அதை நம்பிப் பெரிய முன்பணம் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று: ஜூலையில் பார்க்க வேண்டிய வீட்டை நாம் ஏப்ரலில் பார்க்கிறோம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 2019 ஜூலையில் பத்லாப்பூருக்கும் வாங்கணிக்கும் இடையே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் நின்றுபோய், பயணிகளைப் படகில் மீட்க வேண்டியிருந்தது. தரைத்தளம் மலிவாக வந்தால், தண்ணீர் எதுவரை ஏறும் என்று கட்டடக் காவல்காரரையும் எதிர்க் கடைக்காரரையும் கேளுங்கள். குடிநீர் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வருகிறது, லாரித் தண்ணீருக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் கூடவே கேளுங்கள். கையில் ஒரு அளவு நாடா இருக்கட்டும். ஊரிலிருந்து தேக்கு பீரோவையும் இரட்டைக் கட்டிலையும் ஏற்றி வந்து, லிஃப்டிலும் போகாமல் மாடிப்படியிலும் திரும்பாமல் தெருவிலேயே விற்றவர்கள் இருக்கிறார்கள்.

பள்ளிகள் ஜூன் நடுவில் திறக்கும். மராத்தி இங்கே கட்டாயப் பாடம். அதற்கான சட்டம் 2020இல் வந்தது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்கு முதல் வருஷம் சிரமம்தான், வரும்முன்னே எழுத்துகளையாவது பழக்கிவிடுங்கள். சேர்க்கைக்கும், எரிவாயு இணைப்புக்கும், ஆதாரில் முகவரி மாற்றவும் பதிவான ஒப்பந்தத்தின் நகல்தான் கேட்பார்கள். காவல் நிலையத்தில் வீட்டுக்காரர் உங்கள் விவரம் தருவதற்கும் அதுவே வேண்டும். ஆறேழு நகல் எடுத்து, வீட்டைக் கைக்கொண்ட அன்றைய மின்மானி அளவையும் அதன் பின்பக்கம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.