செருமானிய மருத்துவமனைகளில் மருத்துவச்சிகள்

செருமனியில் மருத்துவச்சி (செருமானிய மொழியில் ஹெபாமே) என்பவர் கருவுற்ற காலத்திலும் பிரசவத்தின்போதும் அதற்குப் பிந்தைய வாரங்களிலும் தாயையும் சேயையும் கவனிக்கும் உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளர் ஆவார். தமிழில் இச்சொல் ஊரில் பிரசவம் பார்த்த மூதாட்டியை நினைவூட்டும். அங்கோ 2020 சனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி இது பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு. அதில் குறைந்தது 2,200 மணி நேரம் செயல்முறைப் பயிற்சி. படிக்கும்போதே ஊதியமும் உண்டு. முன்பு ஆண்களுக்குத் தனிப் பணிப்பெயர் இருந்தது. இப்போது அவர்களும் ஹெபாமேதான்.

சிக்கலற்ற பிரசவத்தை மருத்துவச்சி மருத்துவர் இன்றியே நடத்தலாம். ஆனால் அவசரநிலை தவிர, மருத்துவர் தனியாகப் பிரசவம் பார்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. மருத்துவச்சியை உடன் அழைப்பது அவரது கடமை. குழந்தையின் இதயத்துடிப்பு தளர்ந்தாலோ குருதிப்போக்கு மிகுந்தாலோ மருத்துவரை உடனே அழைக்க வேண்டியவர் மருத்துவச்சி. அந்தக் கணத்தைத் தவறாமல் அறிவதே இப்பணியின் கடினமான பகுதி எனலாம்.

சட்டம் இவ்வளவு பொறுப்பைத் தந்தாலும் பணிச்சூழல் அதற்கு ஈடாக இல்லை. 2020இல் வெளியான மருத்துவ வழிகாட்டுநெறி, பிரசவ வலி தீவிரமடைந்த பின் ஒரு தாய்க்கு ஒரு மருத்துவச்சி இருக்கப் பரிந்துரைக்கிறது. நடைமுறையில் ஒருவரே ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று பெண்களைக் கவனிப்பது பரவலாக உள்ளது. அப்போது பிரசவ அறையில் இருக்க வேண்டியவர், மைய மேசைத் திரையில் பல குழந்தைகளின் இதயத்துடிப்பு வரைகோடுகளைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்கிறது. பதிவேடு எழுதுவது, தொலைபேசிக்குப் பதில் சொல்வது, திடீரென வரும் கர்ப்பிணியைப் பரிசோதிப்பது ஆகியவையும் அவர் தலையில்தான். தொடர்ச்சியான துணை கிடைத்த பெண்களிடையே இயல்பான பிரசவங்கள் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுவதால், இது மருத்துவச்சியின் களைப்பு பற்றிய சிக்கல் மட்டுமன்று.

மாத ஊதியம் பெறாமல், ஒப்பந்த முறையில் மருத்துவமனையில் பிரசவம் பார்ப்போரும் உள்ளனர். இவர்களுக்குப் பொறுப்புக் காப்பீட்டுக் கட்டணம் பெருஞ்சுமை. பிறப்பின்போது பாதிக்கப்படும் குழந்தைக்கு வாழ்நாள் முழுதும் இழப்பீடு தர வேண்டியிருப்பதால் கட்டணம் ஏறியது; பலர் பிரசவம் பார்ப்பதையே விட்டனர்.

2022இல், மருத்துவமனைகளின் செவிலியர் நிதியிலிருந்து மருத்துவச்சிகளின் ஊதியம் விலக்கப்படும் நிலை எழுந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின், 2025 முதல் அச்செலவு அந்நிதியிலேயே முழுமையாக ஈடுசெய்யப்படும் எனச் சட்டம் திருத்தப்பட்டது.

சில மருத்துவமனைகளில் மருத்துவச்சிகளே முழுப் பொறுப்பேற்கும் பிரசவப் பிரிவுகள் உள்ளன. இவற்றில் முதலாவது 2003இல் பிரெமர்ஹாஃபன் நகரில் தொடங்கியது. ஆபத்துக் குறைந்த கர்ப்பிணிகளே இங்கு சேர்க்கப்படுவர். முதுகுத்தண்டு வழியாகத் தரும் வலிநீக்கியைத் தாய் கேட்டால் மருத்துவர் பொறுப்பேற்கிறார். மருத்துவச்சி தாயுடனேயே இருந்து கவனிப்பைத் தொடர்கிறார்.