'பொறுத்துக்கோ' என்பது மருந்தல்ல

வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுக்க நம் வீடுகளில் யாரும் மறப்பதில்லை. மாதவிடாய் நாளில் அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தால் மட்டும், 'பொம்பளைன்னா பொறுத்துக்கணும்' என்று பேச்சை முடித்துவிடுகிறோம்.

இந்த வலிக்கு வேதியியல் காரணம் உண்டு. மாதவிடாய் உதிரத்தில் தசையைச் சுருங்கவைக்கும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்று 1957-லேயே பிக்கிள்ஸ் என்ற ஆய்வாளர் எழுதினார். அது புராஸ்டாகிளாண்டின் வகையைச் சேர்ந்தது என்பது பிறகு தெளிவானது. கரு தங்காத மாதத்தில் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் சரியும்போது, கருப்பையின் உட்சவ்வில் இது பெருகுகிறது. தசை இறுகுகிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தசைக்கு ஆக்சிஜன் போதாமல் வலிக்கிறது. இதயத் தசைக்கு ஆக்சிஜன் குறைந்தால் நெஞ்சு வலிப்பதும் இப்படித்தான். இதே பொருளால் குடலும் முறுக்கிக்கொள்ளும். வாந்தியும் பேதியும் வந்தால் முந்தின நாள் தின்ற பரோட்டாவைத் திட்ட வேண்டியதில்லை.

முதல் சில மாதவிடாய்களில் பெரும்பாலும் கருமுட்டை வெளிவருவதில்லை; அதனால் புரொஜெஸ்டிரோனும் ஏறி இறங்குவதில்லை. பல பெண்களுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் கழித்தே கடும் வலி தொடங்குவது இதனால்தான். 'இத்தனை நாள் நல்லாத்தானே இருந்தா, இப்போ நடிக்கிறா' என்று சந்தேகப்படுவது அநியாயம். முதல் தடவையே லேசாக வலித்தால் பயம் வேண்டாம். தாங்க முடியாமல் வலித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உதிரமே வராமல் மாதாமாதம் வயிறு மட்டும் வலித்தால், உதிரம் வெளியேறும் வழி பிறவியிலேயே அடைபட்டிருக்கலாம். அதைச் சிகிச்சையால் சரிசெய்துவிடலாம்.

பாட்டி சொன்ன வெந்நீர் ஒத்தடத்துக்கு அறிவியலின் ஆதரவு இருக்கிறது. அடிவயிற்றில் தொடர்ந்து இளஞ்சூடு கொடுப்பது ஐபுபுரூஃபென் மாத்திரைக்கு நிகராக வலியைக் குறைத்ததாக 2001-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. வலிக்காகக் குடிக்கும் வெந்தயத்துக்கு அந்த அளவு சான்று இல்லை. அளவாகக் குடித்தால் பொதுவாகக் கெடுதலும் இல்லை.

ஐபுபுரூஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் புராஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுப்பவை. ஏற்கெனவே உருவானதை அவை அகற்றாது. ஆகவே துடித்துத் துவண்ட பிறகு விழுங்குவதைவிட, வலி தலைகாட்டியதுமே சாப்பிட்டுவிட்டுப் போடுவது பலன் தரும். அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. மாதத்தில் இரண்டு மூன்று நாள் முறையாக எடுப்பதால் கருப்பை கெடாது, பிள்ளைப்பேறும் தடைபடாது.

மூன்று மாதம் இப்படிச் செய்தும் பள்ளிக்கூடம் போக முடியாதபடி வலித்தால், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) போன்ற காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்று சொல்லி அனுப்புகிற மருத்துவரை விட்டுவிட்டு, வேறொருவரிடம் மகளை அழைத்துப் போங்கள்.