பின்னால் புறப்பட்ட கப்பல் முன்னால் போனது எப்படி?
கொலை வழக்கில் ஒரு கழித்தல் கணக்கு!

முன்னால் போகிறவனைப் பின்னால் வருகிறவன் எப்போது பிடிப்பான்? பள்ளிப் பிள்ளைகளைத் திணற வைக்கும் கணக்கு இது. இதே கணக்கு ஒரு முறை கடலில் நடந்தது!

1910-ம் ஆண்டு. லண்டனில் டாக்டர் கிரிப்பன் என்பவரின் வீட்டு நிலவறையில் மனித உடலின் பாகங்கள் கிடைத்தன. மனைவியைக் கொன்றதாக அவரைப் போலீசார் தேடினார்கள். அதற்குள் அவர் காதலி எதெலுடன் தப்பி விட்டார்.

ஜூலை 20-ந் தேதி பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இருந்து, கனடாவுக்கு "மாண்ட்ரோஸ்" கப்பல் புறப்பட்டது. அதில் தகப்பனும் மகனுமாக இருவர் இருந்தனர். அந்த "மகன்" ஆண் உடை அணிந்த பெண் என்று காப்டன் கெண்டால் சந்தேகித்தார். 22-ந் தேதி கம்பியில்லாத் தந்தி மூலம் லண்டனுக்குத் தகவல் பறந்தது.

மறுநாளே துப்பறியும் அதிகாரி வால்டர் டியூ, இங்கிலாந்தின் லிவர்பூலில் "லாரெண்டிக்" கப்பலில் ஏறினார். அது மாண்ட்ரோசை விட வேகமான கப்பல். ஆனால் 3 நாள் தாமதம் ஆகி விட்டதே! பிடிக்க முடியுமா?

கணக்கு இதுதான்

சுலபமான எண்களை வைத்துப் பார்ப்போம். முன் கப்பலின் வேகம் மணிக்கு 12 மைல். பின் கப்பலின் வேகம் மணிக்கு 16 மைல். இரண்டும் ஒரே துறைமுகத்தில் இருந்து, ஒரே வழியில் போகின்றன. முன் கப்பல் ஒரு நாள் முந்திப் புறப்பட்டது. அப்படியானால் அது 288 மைல் முன்னால் இருக்கும்.

பின் கப்பல் ஒரு மணி நேரத்தில் 16 மைல் ஓடுகிறது. ஆனால் இடைவெளி 16 மைல் குறையாது. ஏன்? அதே நேரத்தில் முன் கப்பலும் 12 மைல் ஓடி விடுகிறதே! குறைவது 4 மைல்தான்.

288-ஐ 4-ஆல் வகுத்தால் 72 மணி. அதாவது, 3 நாளில் பிடித்து விடும்!

சரிதானா? பின் கப்பல் 72 மணியில் ஓடுவது 1,152 மைல். முன் கப்பல் 96 மணியில் ஓடுவதும் 1,152 மைல். சரிதான்!

கரை கிட்ட இருந்தால்?

கரை 1,000 மைலில் இருந்தால், முன்னால் போனவன் இறங்கி ஓடி விடுவான். ஆகவே வேகம் மட்டும் போதாது. துரத்துவதற்குத் தூரமும் வேண்டும்.

அந்த இரு கப்பல்களும் புறப்பட்ட துறைமுகங்கள் வேறு. ஆனாலும் வழி இதுதான். அகன்ற அட்லாண்டிக் கடல் வேண்டிய தூரத்தைக் கொடுத்தது. லாரெண்டிக் முந்தியது.

ஜூலை 31-ந் தேதி, கனடாவின் பாதர் பாயிண்ட் அருகே மாண்ட்ரோஸ் வந்தது. கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் போல உடை அணிந்து ஒருவர் ஏறினார். அவர்தான் டியூ!

கிரிப்பன் கைதானார். நவம்பர் 23-ந் தேதி லண்டனில் தூக்கிலிடப்பட்டார். எதெல் விடுதலை ஆனார்.