பெரியப்பா வீட்டு டேனிஷ் கோட்டை

மயிலாடுதுறையில் பட்டமங்கலத் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் பெரியப்பா வீடு. ரேழியில் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் மூன்று படங்கள்: சிதம்பரம் நடராஜர், தாத்தா, தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை. வெள்ளிக்கிழமை மூன்றுக்கும் சாம்பிராணி காட்டுவார்கள். கோட்டைக்கு மட்டும் பூ வைப்பதில்லை.

கோட்டைப் படம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான அகலம். பழுப்பு நிறம், ஓரங்களில் மஞ்சள். கோட்டை மதில், பின்னால் கடல், முன்னால் குடை பிடித்த ஒரு ஆள். ஐம்பதுகளில் தரங்கம்பாடியில் ஒரு பழைய வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது தாத்தா வாங்கி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு மாயவரம் வந்து சேர்ந்தாராம். (அந்த ரயில் 1926-ல் ஓட ஆரம்பித்தது, 1986-ல் நின்றது. படம் மிச்சம் இருக்கிறது, தண்டவாளம் இல்லை.) வீட்டுக்கு யார் வந்தாலும் பெரியப்பா அதைக் காட்டிச் சொல்வார்: “டேனிஷ்காரன் இருந்தப்ப அவனே எடுத்த படம்.”

போன தை மாதம் போனபோது என் சட்டைப் பையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று இருந்தது. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொண்டு வைரம் பார்ப்பார்களே, அதுதான். பழைய போட்டோ பார்க்கும் பைத்தியம் பிடித்தவர்களுக்கும் அதுவே ஆயுதம். படத்தைக் கழற்றித் தாழ்வாரத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து குனிந்தேன்.

முதலில் தேடியது புள்ளிகளை. புத்தகத்திலோ நாட்காட்டியிலோ அச்சான படமாக இருந்தால் லென்ஸுக்குக் கீழே வரிசை வரிசையாக மைப் புள்ளிகள் தெரியும். “நூறு வருஷப் பழசு” என்று சொல்லி விற்கப்படுகிற படங்களில் பாதி இந்த இடத்திலேயே தோற்றுவிடும். இதில் புள்ளி இல்லை. அடுத்து, தாளின் நார். மெல்லிய பளபளப்புக்கு அடியில் காகித நார்கள் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் பளபளப்பின் மேல், பங்குனி வெயிலில் வெடித்த வயல் மாதிரி, முடியைவிட மெல்லிய விரிசல்கள். இந்த நாரும் விரிசலும் சேர்ந்தால் அது ஆல்புமென் பிரிண்ட். முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் வெயிலில் எடுத்த படம்.

“முட்டையா?” என்றார் பெரியப்பா. ரேழியில் நடராஜருக்குப் பக்கத்தில் இத்தனை வருஷம் தொங்கியிருக்கிறது. அவர் முகத்தில் ஓடியதை நான் எழுதப் போவதில்லை.

கணக்கு போட்டால் டேனிஷ்காரர் கதை நிற்காது. ஓவே யேடே என்ற டேனிஷ் தளபதி தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டான்ஸ்போர்க் கோட்டைக்கு அடி போட்டது 1620-ல். டேனியர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விற்றுவிட்டுக் கிளம்பியது 1845-ல். போட்டோ எடுக்கும் கலையே உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல்தான். நடுவில் ஆறே ஆண்டுகள். அந்த ஆறு ஆண்டுகளில் எடுத்திருந்தாலும் அது வெள்ளி முலாம் பூசிய தகட்டில் விழுந்த டாகெரோடைப்பாகவோ, வெறும் உப்புத் தாளில் மங்கலாகப் பதிந்த படமாகவோ இருந்திருக்கும். முட்டைத் தாளை பிரான்ஸின் பிளாங்கார்-எவ்ரார் அறிவித்தது 1850-ல். அதற்குள் கோட்டையில் வேறு கொடி ஏறி ஐந்து வருஷம் ஆகிவிட்டது. 1850-களின் நடுவிலிருந்து 1890-கள் வரை உலகம் முழுக்க இந்தத் தாளின் ராஜ்ஜியம்தான். பெரியப்பா வீட்டுப் படம் அந்த நாற்பது வருஷத்துக்குள் எங்கோ இருக்கிறது.

இந்தத் தாளை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால் போட்டோ ஸ்டூடியோ ஞாபகம் வராது, அடுப்படிதான் வரும். முட்டையை உடைத்து மஞ்சள் கரு கலக்காமல் வெள்ளையை மட்டும் எடுத்து, உப்புப் போட்டு, நுரை பொங்க அடிப்பார்கள். ராத்திரி முழுக்க வைத்தால் நுரை அடங்கித் தெளிந்த திரவம் நிற்கும். அதைத் தட்டில் ஊற்றி, மெல்லிய தாளை ஒரு பக்கம் மட்டும் நனையும்படி மிதக்கவிட்டு எடுத்துக் கொடியில் காயப் போடுவார்கள். இதுவரை தாளுக்கு வெளிச்சம் தெரியாது, எத்தனை மாதமும் கட்டி வைக்கலாம். படம் எடுக்க வேண்டிய அன்று, விளக்கு வெளிச்சத்தில் அதே தாளை வெள்ளி நைட்ரேட் கரைசலில் மிதக்கவிடுவார்கள். தாளிலிருக்கும் உப்பும் கரைசலிலிருக்கும் வெள்ளியும் சேர்ந்து வெள்ளி குளோரைடு ஆகும். அதுதான் வெளிச்சம் பட்டால் கறுக்கும் பொருள்.

பிறகு நெகட்டிவை இந்தத் தாளின் மேல் வைத்து, கண்ணாடி போட்ட மரச் சட்டத்தில் இறுக்கி, மாடியில் வெயிலில் வைத்துவிடுவார்கள். மெஷின் என்று சொன்னால் அந்தச் சட்டமும் சூரியனும்தான். பெரிதாக்கிப் போடும் வசதி இல்லாததால் நெகட்டிவ் எவ்வளவோ படமும் அவ்வளவுதான். பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய கேமராவையே தூக்கிச் சுமக்க வேண்டும். சட்டத்தின் முதுகு இரண்டாக மடியும். பாதியைத் திறந்து, தோசை சிவந்துவிட்டதா என்று ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பது போல, படம் எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கறுக்க விடுவார்கள், பின்னால் கழுவும்போது மங்கும் என்பதால். அப்புறம் தங்க குளோரைடு குளியல். செங்கல் நிறத்திலிருக்கும் படத்தில் வெள்ளித் துகள்கள் மேல் தங்கம் படிந்து ஊதா கலந்த பழுப்பாக மாறும், ஆயுளும் கூடும். கடைசியில் ஹைப்போவில் போட்டு, வெளிச்சம் படாமல் மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்தெடுத்து, மணிக்கணக்கில் தண்ணீரில் அலசுவார்கள். இந்த அலசலில் சோம்பல்பட்டவர்களின் படங்கள்தான் இன்று மங்கிப்போய்க் கிடக்கின்றன.

வீட்டு வேலையாகத் தொடங்கிய இது பெரிய தொழிலாகவும் வளர்ந்தது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் இருந்த மிகப் பெரிய ஆலை 1880-களில் ஒரு நாளைக்குச் சுமார் 60,000 முட்டை உடைத்தது. அங்கே வெள்ளைக்கருவைப் புளிக்கவைத்துப் பூசினார்கள். பளபளப்பு கூடும் என்று. அந்தத் தெருவில் குடியிருந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. தாளுக்கும் தகராறு உண்டு. இரும்புத் துணுக்கு ஒன்று இருந்தாலும் படத்தில் கரும்புள்ளி விழும் என்பதால், இரும்பு கலக்காத ஆற்று நீர் உள்ள பிரான்ஸின் ரீவ் ஆலையையும், இன்று பெல்ஜியத்தில் இருக்கும் மால்மெடியின் ஆலையையும்தான் பெரும்பாலும் நம்பினார்கள். தரங்கம்பாடிக்கு அடுத்த பொறையாரில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மிஷனரிகள் காகித ஆலை வைத்தவர்கள்தான். ஆனால் அது பைபிள் அச்சிட. கோட்டையின் படத்துக்கான தாள் கடல் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும்.

எதற்கு இவ்வளவு பாடு? 1851-ல் பிரெஞ்சு அரசு ஐந்து புகைப்படக்காரர்களை நாடு முழுக்க அனுப்பி, இடிந்துகொண்டிருந்த பழைய தேவாலயங்களையும் கோட்டைகளையும் படம் பிடித்துவரச் சொன்னது. அடுத்த வருஷம் ஃபிளாரன்ஸில் அலினாரி சகோதரர்கள் கடை திறந்தார்கள். சில வருஷங்களில் ரோமின் கொலோசியமும் பாரிஸின் நோத்ர தாமும் முட்டைத் தாளில் அச்சாகிக் கடை கடையாக விற்றன. பழனிக்குப் போனவர் பஞ்சாமிர்த டப்பா வாங்காமல் திரும்புவாரா? ஐரோப்பாவைச் சுற்றியவர் அப்படி ஒரு கட்டுப் படம் வாங்காமல் ஊர் திரும்ப மாட்டார். இன்று ஏல வீடுகளில் விலை போகும் “பழைய ஐரோப்பியக் கட்டடப் படங்கள்” பெரும்பாலும் அந்தக் கட்டுகளிலிருந்து உதிர்ந்தவை.

நம் பக்கத்துக்கு அந்த வேலையோடு வந்தவர் லினியஸ் ட்ரைப். கம்பெனியின் சென்னைப் படையில் கேப்டன், பிறகு சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் கேமரா, மருந்துகள், தாள் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பி, அடுத்த சில மாதங்களில் ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்று எடுத்துத் தள்ளினார். அப்போது கண்ணாடி நெகட்டிவ் வந்துவிட்டது. ஆனால் அதன் பூச்சு ஈரமாக இருக்கும் சில நிமிடங்களுக்குள் எடுத்துக் கழுவியாக வேண்டும், நம் வெயிலில் அதுவும் கிடைக்காது. ட்ரைப் பெரும்பாலும் மெழுகு ஊட்டிய காகித நெகட்டிவையே நம்பினார். அதை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடுகிற கல்வெட்டு வரிகளை அவர் எடுத்த விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரே படத்தில் அடங்காது என்று, நகர்ந்து நகர்ந்து 21 நெகட்டிவ் எடுத்து, பிரிண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிச் சுருளாக்கினார். நீளம் 19 அடிக்கு மேல். போனில் பனோரமா எடுக்கும்போது கை நடுங்கிக் கோபுரம் வளைந்துவிடுகிற நமக்கு, இது என்ன வேலை என்று புரியும். 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் சிக்கனம் என்று சொல்லி அந்த வேலையையே நிறுத்திவிட்டார். என் கணக்கில் மாகாணத்துக்கு அது நஷ்டம்தான்.

பெரியப்பா வீட்டுப் படம் ட்ரைப் எடுத்ததல்ல. காகித நெகட்டிவில் எடுத்தால் கோடுகளில் ஒரு பஞ்சுத்தன்மை இருக்கும். இதில் மதிலின் செங்கல் இடுக்கு வரை கூர்மை. கண்ணாடி நெகட்டிவ்தான்.

அந்தக் கூர்மையிலும் சில பொய்கள் உண்டு. படத்தில் வானம் வெறும் வெள்ளை, மேகமே இல்லை. அந்தக் கால மருந்துக்கு நீலமும் ஊதாவும் மட்டும்தான் நன்றாகத் தெரியும். நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து வெளுத்துவிடும். ட்ரைப் இதற்காகவே சில நெகட்டிவ்களில் மேகங்களைக் கையால் தீட்டினார். மஞ்சளும் சிவப்பும் நேர்மாறு, அவை கறுத்து விழும். மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு ஸ்டூடியோவுக்குப் போன நம் கொள்ளுப்பாட்டிகள் படத்தில் இருட்டாகத் தெரிவதற்கும், நெற்றிக் குங்குமம் மைப்பொட்டு மாதிரி இருப்பதற்கும் இதே காரணம். “எங்க அப்பத்தா நல்ல செவப்பு, படத்துலதான் இப்படி” என்று யாராவது சொன்னால் கேலி செய்ய வேண்டாம்.

கடலும் அப்படித்தான். லென்ஸ் மூடியைக் கையால் கழற்றி, மனதுக்குள் எண்ணி, மறுபடி மூடிய காலம். அந்தச் சில விநாடிகளில் அலைகள் ஒன்றன் மேல் ஒன்று பதிந்து பால் கொட்டினாற்போல் வழவழவென்று ஆகிவிட்டன. அலை பாடுகிற ஊர் என்று பெயர் வாங்கிய தரங்கம்பாடியில், படத்தில் ஒரு அலைகூட இல்லை. குடைக்காரரும் முழு ஆள் இல்லை. கால்கள் அசையாமல் இருக்கின்றன, குடை கொஞ்சம் ஆடிப் புகையாகியிருக்கிறது. நிற்கச் சொல்லியிருப்பார்கள், கடற்காற்று விட்டிருக்காது.

சட்டத்தைப் பிரித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. எப்போதோ புது ஃப்ரேம் போடக் கொடுத்ததில், கடைக்காரர் பின்னால் ஒட்டுப் பலகையை வைத்து நேரே ஆணி அடித்திருக்கிறார். பலகையின் அமிலம் ஏறி அட்டையில் பழுப்பு வரிகள். முன்கண்ணாடி படத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆல்புமென் தாள் மெல்லியது, தனியாக விட்டால் சுருண்டுவிடும் என்று அந்தக் காலத்திலேயே மாவுக் கஞ்சி தடவி அட்டையில் ஒட்டிவிடுவார்கள். கஞ்சி இருக்கும் இடத்தில் இராமபாணப் பூச்சியும் இருக்கும். கீழ் மூலையில் ஆற்றுக் கழிமுகம் போலக் கிளை கிளையாகத் தின்றிருந்தது.

மஞ்சள் ஓரத்துக்குக் காரணம் வேறு. முட்டைப் புரதம் ஈரக் காற்றில் வருஷக்கணக்கில் கிடந்தால் பழுத்துப்போகும். படமோ வெள்ளியால் ஆனது. வெள்ளிக்கு ஆகாதது கந்தகம். வெள்ளிக் குத்துவிளக்கு ஏன் கறுக்கிறது, விபூதி போட்டு ஏன் துலக்குகிறோம்? காற்றிலிருக்கும் கந்தகத்தால் வந்த கறை அது. அதே சண்டை இங்கே மிக நுண்ணிய துகள்களில் நடக்கிறது. விளக்கில் கறுப்பு, படத்தில் மங்கல். துலக்கவும் வழியில்லை. ஐப்பசி கார்த்திகையில் தீப்பெட்டிகூட நமுத்துப்போகிற காவிரிக் கடைமடையில், சுண்ணாம்புச் சுவரில் சாம்பிராணிப் புகையோடு இது எழுபது வருஷம் தாங்கியதே பெரிது.

“அப்ப என்னப்பா பண்ணச் சொல்ற?” என்றார் பெரியப்பா.

கண்ணாடியிலிருந்து பிய்க்கக் கூடாது, அதற்கென்று பழகியவர்களிடம் காட்ட வேண்டும். ஈரத் துணியால் துடைக்கவே கூடாது, முட்டைப் படலம் வீங்கிவிடும். அமிலம் இல்லாத அட்டையும் உறையும் சென்னையில் கிடைக்கும். படுக்கை வசத்தில், இருட்டில், வெளிச்சுவரில் சேராத அலமாரியில், வேப்பிலை கற்பூரம் எதுவும் போடாமல். எப்போதாவது எடுத்துப் பார்த்தால் கையில் மோதிரம் வேண்டாம், விரல் படத்தில் படவும் வேண்டாம். முக்கியமாக, சுவருக்குத் திரும்பக் கூடாது. கடைசி விஷயம்தான் அவருக்கு இறங்கவில்லை. நடராஜருக்கும் தாத்தாவுக்கும் நடுவில் சுவரில் வெளுத்த ஒரு சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்குனியில் மறுபடி போனேன். சதுரம் நிறைந்திருந்தது. நான் போனில் எடுத்து அனுப்பிய படத்தை மணிக்கூண்டுப் பக்கம் கலர் ஜெராக்ஸ் போட்டு, அதே பழைய சட்டத்தில் மாட்டியிருக்கிறார். அசல், மாடி அறை அலமாரியில் வெள்ளை உறைக்குள் படுத்திருக்கிறது. அன்றைக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருந்தவர்களிடம் ரேழியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்: “டேனிஷ்காரன் இருந்தப்ப அவனே எடுத்த படம்.” என்னைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார். “காப்பிதான் இது,” என்றார். “ஒரிஜினல் மேல இருக்கு. அதுல முட்டை இருக்கு, அதான் பூஜை ரூமுக்குப் பக்கத்துல வேணாம்னு...”